இலவசமாகப் படம் காட்டியவர்களின் கணக்கு

இலவசமாகப் படம் காட்டுவது மலேசியாவுக்குப் புதிதல்ல. 1984-ஆம் ஆண்டு ஒளிபரப்பைத் தொடங்கிய நாட்டின் முதல் தனியார் தொலைக்காட்சியான டிவி3, நேயர்களிடம் ஒரு காசும் கேட்கவில்லை. விளம்பரதாரர்கள் கொடுத்த பணத்தில் நிலையம் நடந்தது. அதே வழியில் கைப்பேசிச் செயலி ஒன்றையும் நடத்தி இலாபம் பார்க்க முடியாதா? கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட ஐஃபிளிக்ஸ் நிறுவனம் இதற்கு நல்ல சாட்சி.

2015-ஆம் ஆண்டு மலேசியாவிலும் பிலிப்பைன்சிலும் அதன் சேவை தொடங்கியது. அப்போது அது இலவசமல்ல. இருந்தாலும் மலேசியாவில் மாதக் கட்டணம் 8 வெள்ளிதான். திருட்டு டிவிடிக்கும் கள்ளப் பதிவிறக்கத்துக்கும் பழகிய மக்களைத் தன் பக்கம் இழுப்பதே நோக்கம். ஆனால், அந்த 8 வெள்ளியைக் கொடுக்கவும் பலர் தயங்கினார்கள். 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸும் இந்த வட்டாரத்துக்குள் நுழைந்தது. 2018-இல் ஐஃபிளிக்ஸ் விளம்பரங்களோடு கூடிய இலவசப் பிரிவைத் திறந்தது.

சிக்கல் இங்கேதான். தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலையை ஆயிரம் வீடுகள் பிடித்தாலும் பத்து இலட்சம் வீடுகள் பிடித்தாலும் நிலையத்துக்கு ஒரே செலவுதான். இணையத்தில் அப்படியல்ல. ஒவ்வொருவருக்கும் படத்தைத் தனித்தனியே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் செலவு உண்டு. கூட்டம் கூடினால் கடைக்காரர் மகிழ்வார். இலவசச் செயலிக்காரருக்கோ, விளம்பரம் போதிய அளவு வராவிட்டால், கூட்டம் கூடக்கூட நட்டமும் கூடும்!

யூடியூப் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது என்று கேட்கலாம். அங்கே பெரும்பாலான படங்களை எடுத்துப் போடுபவர்கள் பயனர்களே. விளம்பர வருமானம் வந்த பிறகு பங்கு கொடுத்தால் போதும். போதாததற்கு, 2006-இல் 1.65 பில்லியன் டாலருக்கு அதை வாங்கிய கூகிள் பின்னால் நின்றது. ஐஃபிளிக்ஸோ ஹாலிவுட் படங்களுக்கும் உள்ளூர்த் தொடர்களுக்கும் உரிமை வாங்கியாக வேண்டும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உரிமைப் பணம் போனது போனதுதான். விளம்பரப் பணமோ, பார்த்தவர்களை எண்ணிய பிறகு சில்லறையாக வந்து சேரும். அந்தச் சில்லறையிலும் கூகிள், ஃபேஸ்புக் இரண்டுக்கும் போனதுதான் பெரும்பங்கு.

ஐஃபிளிக்ஸ் 2018-இல் ஆப்பிரிக்கத் தொழிலை விற்றது. 2019-இல் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் இடம்பெற எடுத்த முயற்சியும் கைகூடவில்லை. 2020-இல் கோவிட் வந்தது. மக்கள் வீட்டில் அடைந்து கிடந்து படம் பார்த்த அந்த நேரத்தில்தான் விளம்பரதாரர்கள் செலவைக் குறைத்தார்கள். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஹூக் அவ்வாண்டு ஏப்ரல் 30-உடன் சேவையை நிறுத்தியது. சிங்டெல், சோனி, வார்னர் பிரதர்ஸ் என்ற மூன்று பெரிய பெயர்கள் பின்னால் இருந்தும் அது தப்பவில்லை.

ஜூன் மாதம் ஐஃபிளிக்ஸின் சொத்துகளைச் சீனாவின் டென்சென்ட் வாங்கியது. வீடியோ விளையாட்டுகளில் பெரும்பணம் சம்பாதிக்கும் நிறுவனம் அது.