வாயை மூடினால்தான் காசு: ஒரு கையெழுத்தின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு கையெழுத்தைப் பத்தினது. போடலாமா, வேண்டாமா?

இடம் நேபாளம், வருஷம் 2001. அப்போ அங்கே கருக்கலைப்பு குற்றம். அதுக்காகப் பெண்கள் ஜெயில்ல இருந்தாங்க. 1996-ல் எடுத்த சர்வேப்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்கு 539 தாய்மார்கள் இறந்தாங்க. பாதுகாப்பில்லாத கருக்கலைப்பு அதுக்கு ஒரு முக்கியக் காரணம். இந்தச் சட்டத்தை மாத்தணும்னு பேசினவங்கள்ல ஒண்ணு, நேபாளக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம். 1959-ல் ஆரம்பிச்ச பழைய அமைப்பு. அமெரிக்க உதவியும் வாங்கிட்டிருந்தது.

2001 ஜனவரி 22. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பதவியேத்து ரெண்டே நாள். ஒரு பழைய விதிக்கு மறுபடி உயிர் கொடுக்கிறார்.

அந்த விதி என்ன? கொஞ்சம் பின்னாடி போவோம். அமெரிக்க உதவிப் பணத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்புக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு 1973-லேயே சட்டம் வந்தாச்சு. 1984-ல் மெக்சிகோ சிட்டியில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் ரீகன் அரசு இன்னொரு படி மேலே போச்சு: எங்க காசு வாங்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், வேற இடத்துல இருந்து வர்ற காசிலும் அதைச் செய்யக் கூடாது. அதைப் பரிந்துரைக்கவோ, சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி அரசிடம் கேட்கவோ கூடாது. 'வாய்ப்பூட்டு விதி'ன்னு விமர்சகர்கள் பேர் வெச்சதுக்குக் காரணம் இதுதான்.

நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். நீங்க என் லைப்ரரியை ஒரு ப்ராஜெக்ட்ல யூஸ் பண்றீங்க. 'அப்போ உன் மத்த ப்ராஜெக்ட் எல்லாத்துக்கும் என் ரூல்தான்'னு லைசன்ஸ் சொன்னா எப்படி இருக்கும்?

ஆதரவாளர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கு. பணம் பணம்தான், நாங்க ஒரு பக்கம் கொடுத்தா, மிச்சமாகிற காசு இன்னொரு பக்கம் கருக்கலைப்புக்குப் போகும். எங்க வரிப்பணம் மறைமுகமாகக் கூட அதுக்கு உதவக் கூடாதுன்னு சொல்றாங்க. மனசாட்சி சார்ந்த நிலைப்பாடு. அதைக் கிண்டல் பண்ண நான் வரல.

ஆனா நேபாளச் சங்கத்தோட நிலைமையை யோசிங்க. கையெழுத்துப் போட்டா காசும் கருத்தடைப் பொருட்களும் தொடரும். ஜெயில்ல இருக்கிற பெண்களைப் பத்திப் பேச முடியாது. போடலைன்னா பேசலாம், ஆனா கிளினிக் நடத்தக் காசுக்கு எங்கே போறது?

அவங்க போடல. உதவி நின்னுச்சு. 2002-ல் நேபாளம் சட்டத்தை மாத்திச்சு. 2004-ல் சட்டப்படியான சேவை ஆரம்பமாச்சு.

கென்யாவிலும் இதே கதைதான். கையெழுத்துப் போடாத அமைப்புகள் சில கிளினிக்குகளை மூட வேண்டியதாச்சு. நைரோபியின் மதாரே சேரியும் அதுல அடக்கம். மூடின கிளினிக்கில் கருத்தடை மாத்திரையும், கர்ப்பகாலப் பரிசோதனையும் சேர்ந்தே போயிடுச்சு.

அப்போ கருக்கலைப்பாவது குறைஞ்சுதா? 2019-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 26 ஆப்பிரிக்க நாடுகள், 1995 முதல் 2014 வரை, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அமெரிக்க உதவியைக் குறைவா நம்பியிருந்த நாடுகளோட ஒப்பிட்டா, அதிகம் நம்பியிருந்த நாடுகளில் விதி அமலில் இருந்த காலத்தில் கருக்கலைப்பு சுமார் 40% கூடியிருக்கு. நவீனக் கருத்தடைப் பயன்பாடு சுமார் 14% குறைஞ்சிருக்கு. கருத்தடை கிடைக்கலைன்னா வேண்டாத கர்ப்பம் கூடும், அதான் கணக்கு. எதைத் தடுக்க விதி வந்ததோ, அதுவே ஜாஸ்தியாச்சு.

இந்த விதியோட வரலாறே ஒரு ஆன்-ஆஃப் ஸ்விட்ச் மாதிரி. 1984-ல் ஆன். 1993-ல் கிளிண்டன் ஆஃப். 2001-ல் புஷ் ஆன். 2009-ல் ஒபாமா ஆஃப். 2017-ல் டிரம்ப் ஆன். இந்தத் தடவை குடும்பக் கட்டுப்பாடு மட்டுமில்ல, எச்.ஐ.வி., மலேரியா உட்பட உலக சுகாதார உதவி கிட்டத்தட்ட முழுக்க. 2021-ல் பைடன் ஆஃப். 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி ஆன்.

ஆஃப் பண்ணின மறுநாளே மூடின கிளினிக் திறந்துடாது. போன நர்ஸைத் திரும்பக் கூப்பிடணும், நம்பிக்கையை மறுபடி சம்பாதிக்கணும். அதுக்குள்ள அடுத்த தேர்தல் வந்துடும். மதாரேவில் இருக்கிற பெண்ணுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.