நெல்வயலின் மீத்தேன்: அளக்காமல் போட்ட கணக்கு

புவி வெப்பமாதலுக்கு எந்த நாடு எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வி 1990 வாக்கில் உலக அரங்குக்கு வந்தபோது, இந்தியாவின் நெல்வயல்கள்மீது பெரும் பழி விழுந்தது. அவை ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. வாஷிங்டனில் இயங்கும் உலக வள நிறுவனம் தன் 1990-91 அறிக்கையில், பசுங்குடில் வாயுக்களை அதிகம் வெளியிடும் முதல் ஐந்து நாடுகளுள் இந்தியாவையும் சேர்த்தது. நெல்லும் மாடும் விடும் மீத்தேனுக்கு அந்த வரிசையில் பெரும் பங்கு இருந்தது. 1992-இல் ரியோவில் கையெழுத்தாக இருந்த காலநிலை உடன்படிக்கைக்குப் பேச்சுவார்த்தை தொடங்கும் நேரம் அது. அப்போது ஓர் எண் பிழையானால், பொறுப்பைப் பங்கிடுவதும் பிழையாகிவிடும்.

3.8 கோடி டன் என்ற அந்த எண் பிழையாகவே இருந்தது. அதற்குக் காரணம் வயலின் இயல்பிலேயே இருக்கிறது. தண்ணீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் அற்றுப்போகிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளை மீத்தேனாக மாற்றுகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் உடல் வழியாகவே காற்றில் கலக்கிறது. ஆகவே எத்தனை நாள் தண்ணீர் நின்றது, மண்ணில் எவ்வளவு மட்கு இருந்தது என்பவையே அளவைத் தீர்மானிக்கின்றன. 1980-களில் கிடைத்த முன்னோடி அளவீடுகள் கலிஃபோர்னியா, ஸ்பெயின், இத்தாலி வயல்களில் எடுக்கப்பட்டவை. அவற்றை இந்தியாவின் 4 கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட நெல் பரப்போடு பெருக்கினார்கள். ஆனால் அன்று இந்திய நெல் பரப்பில் பாதிக்கு மேல் மானாவாரி. தண்ணீர் நின்றும் வற்றியும் விளைவது. வைக்கோல் மாட்டுக்குப் போய்விடுவதால் மண்ணில் சேரும் மட்கும் குறைவு.

1991-இல் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இந்தக் கணக்கைக் கடுமையாக மறுத்தார்கள். உழவர் உயிர் பிழைக்க விடும் வாயுவையும் வசதிக்காகக் கார்கள் விடும் வாயுவையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். அறம் சார்ந்த அந்த வாதத்துக்கு அளவீடு துணை வந்தது. அதே ஆண்டு தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ராவின் தலைமையில் விஞ்ஞானிகள் பல மாநில வயல்களில் இறங்கினார்கள். பயிரின்மேல் ஒளிபுகும் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைக் குறித்த இடைவெளியில் ஊசிக்குழலால் உறிஞ்சி, ஆய்வகத்தில் பகுத்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் என்பதே விடை: முந்தைய மதிப்பீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

தன் நாட்டுக் கணக்கைத் தானே குறைத்துக்கொண்டால் நம்புவதெப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முறை வெளிப்படையானது. எந்த நாட்டு ஆய்வாளரும் அதே பெட்டியை அதே வயலில் வைத்துச் சரிபார்க்க முடியும். சில பெட்டிகளைக் கொண்டு ஒரு துணைக்கண்டத்தை அளக்க முடியுமா என்பது இன்னும் வலுவான ஐயம். அதனால்தான் அவர்கள் ஒற்றை எண்ணோடு நிற்காமல், 24 லட்சம் முதல் 60 லட்சம் டன் வரை என்று வரம்பையும் சொன்னார்கள். ஐயத்தையும் சேர்த்துச் சொல்லும் கணக்கே நேர்மையான கணக்கு. குறைந்த எண் இந்தியாவுக்குச் சாக்காகிவிடாதா என்றால், ஆகக் கூடாது. நெல்லின் பங்கு சரியாகத் தெரிந்தால்தான், நிலக்கரி மின்நிலையங்களின் பங்கை மறைக்க இடமிருக்காது.

பின்னர் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 1996 திருத்த வழிகாட்டுதல்கள் வயலின் நீர் நிலைக்கேற்பக் கணக்கிடவும், நாடுகள் தம் சொந்த அளவீடுகளைப் பயன்படுத்தவும் வழிசெய்தன. இன்று காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டு மீத்தேனைக் குறைக்கும் உழவருக்குக் கார்பன் வரவு தரும் பேச்சு நடக்கிறது. அங்கும் வேறெங்கோ எடுத்த எண்ணைக் காவிரிப் படுகையின்மீது ஏற்றி வைக்கக் கூடாது. குறை சொல்வதானாலும் கூலி தருவதானாலும், முதலில் அந்த வயலில் இறங்கி அளக்க வேண்டும்.