குழந்தைகள் அச்சிட்ட ஊர்ச் செய்தி



பள்ளியில் நீங்கள் எழுதும் கட்டுரையை ஆசிரியர் ஒருவரே படிக்கிறார். அவரும் பிழை திருத்தவே படிக்கிறார். ஊராரும் அயலூராரும் அதைப் படிப்பார்களானால், எழுதும் பிள்ளையின் பொறுப்பு எவ்வளவு பெருகும்! இதனைச் செய்து காட்டியவர் செலஸ்தேன் பிரெனே என்னும் பிரெஞ்சுக் கிராம ஆசிரியர்.

1896-இல் பிறந்த பிரெனே, முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்றவர். 1920-இல் தென் பிரான்சிலுள்ள பார்-சூர்-லூ என்ற மலையூரில் ஆசிரியராக அமர்ந்தார். நெடுநேரம் உரத்துப் பேச மூச்சு இடங்கொடுக்கவில்லை. பிள்ளைகளின் கருத்தோ பாடநூலில் நிற்கவில்லை. ஆகவே அவர்களை வயல்களுக்கும் பட்டறைகளுக்கும் அழைத்துச் சென்று, கண்டதை எழுதச் செய்தார். 1924-இல் சிறிய கை அச்சுப்பொறி ஒன்றை வாங்கி வகுப்பறையில் வைத்தார்.

பிள்ளைகள் தாம் எழுதியதை வகுப்பில் படிப்பர்; அச்சேற வேண்டியதை வாக்களித்துத் தேர்வர்; கரும்பலகையில் எழுதிக் கூடித் திருத்துவர்; பின்னர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோப்பர். ஓரெழுத்துத் தவறினால் எல்லாப் படிகளிலும் தவறுமன்றோ! அச்சிட்ட தாள்கள், பிரித்தானிக் கடற்கரைப் பகுதியிலுள்ள திரெகன் என்ற ஊரின் பள்ளிக்குச் சென்றன. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. பழகிய ஊரை அயலாருக்கு விளக்க நேர்ந்தபோதே, பிள்ளைகள் அதனை உற்று நோக்கினர்.

1928-இல் பிரெனே சேன்-போல் என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே பள்ளிக் கட்டடம் சீர்கெட்டிருந்தது. அதைச் செப்பனிடுமாறு அவர் ஊராட்சியை வற்புறுத்தி வந்தார். இந்நிலையில் சிறுவனொருவன் தான் கண்ட கனவை எழுதினான். பள்ளிப் பொருள்களை இலவசமாகத் தர மறுத்த ஊர்த் தலைவரை எதிர்த்து வகுப்பே கிளர்ந்தெழுகிறது; தலைவர் கொல்லப்படுகிறார். அச்சேறிய அக்கனவை 1932-இல் எதிர்ப்பாளர்கள் சுவரொட்டியாக்கி ஊரெங்கும் ஒட்டினர். 1933-இல் பிரெனே அப்பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. ஆயினும் அச்சுப்பொறியை அவர் கைவிடவில்லை. 1935-இல் வான்ஸ் என்னுமிடத்தில் சொந்தப் பள்ளி தொடங்கினார். 1966-இல் அவர் மறைவதற்குள் அவருடைய முறை பல நாடுகளுக்குப் பரவியிருந்தது.

இவ்வரலாற்றை எண்ணுந்தோறும் எனக்கு இரண்டு கடமைகள் புலப்படுகின்றன. சிறுவனின் சினத்தைக் கண்டித்த பெரியோர், அச்சினத்துக்குக் காரணமான குறையையும் ஆராய்ந்திருக்க வேண்டும். அது அவர்கள் கடமை. கண்டதையும் கருதியதையும் பிரித்தெழுதப் பழகுவது உங்கள் கடமை. உங்கள் தெருக் குழாயில் நீர் வரவில்லையா? எத்தனை நாளாக வரவில்லை, எத்தனை வீடுகளுக்கு வரவில்லை என்று கேட்டறியுங்கள், பொறுப்பாளரின் விடையையும் கேளுங்கள், பிறகு எழுதுங்கள். அவ்வாறு எழுதப்பட்ட நான்கு வரியை எளிதில் எவரும் புறக்கணிக்க இயலாது.