மல்லாட்டை சொல்லும் பாடம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பதே பேச்சுவழக்கில் அவ்வாறு மருவியது. பிலிப்பைன்ஸின் தலைநகரான மணிலா அப்பெயருக்குள் மறைந்திருக்கிறது. தென் அமெரிக்காவில் தோன்றிய இப்பயிர், ஐரோப்பியரின் கப்பல்கள் வழியே ஆசியாவுக்கு வந்தது. நம் முன்னோருக்கு ஒரு காலத்தில் அது முன்பின் அறியாத பண்டம்.

19ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டு நிலங்களில் அதன் சாகுபடி பெருகியது. எண்ணெய்க்காகப் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சுக்கு அது கப்பலேறியது. பின்னாளில் குடியாத்தம் கொத்து என்னும் ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட டி.எம்.வி. 2 ரகம் 1940இல் வெளியிடப்பட்டது. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைக் குறிக்கும் சுருக்கெழுத்தே. அந்த ரகம் ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. எங்கிருந்தோ வந்த பயிர், அவித்த மல்லாட்டையாகவும் வறுத்த கடலையாகவும் சட்னியாகவும் நம் அடுப்படிக்குள் நுழைந்து நமதாகிவிட்டது.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. மிளகாயும் தக்காளியும் இல்லாத சால்னாவை இன்று நம்மால் எண்ணிப் பார்க்க முடியுமா? நாக்கின் விருப்பம் பிறவியிலேயே முடிவாகிவிடுவதில்லை. அதில் பெரும்பகுதி பழக்கத்தால் அமைவது.

ஆயினும் நம் பிள்ளை ஒருமுறை கீரையை ஒதுக்கினால், "அவனுக்கு அது பிடிக்காது" என்று நாமே தீர்ப்பளித்து, பொட்டலத் தின்பண்டத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். ஒரு சமூகம் தலைமுறைகளாகப் பழகிக்கொண்டதை, ஒரு குழந்தை ஒரே வேளையில் ஏற்க வேண்டும் என எதிர்பார்ப்பது முறையாகுமா?

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. உணவை இகழாமையும் உண்ணாததற்காகக் கடிந்துகொள்ளாமையும் இதில் ஒருசேர அமைந்துள்ளன.

ஆகவே, பழகிய சோற்றோடு புதியதை ஒரு கவளம் மட்டும் வைப்போம். நாமும் உடனமர்ந்து அதையே உண்போம். மறுத்தால் வற்புறுத்தாமல் சில நாள் கழித்து மீண்டும் வைப்போம். பல குழந்தைகள் பலமுறை கண்டு, முகர்ந்து, தொட்ட பின்னரே சுவைக்கத் துணிகின்றனர். மல்லாட்டையைக் கொடுக்கும்போது மட்டும் கவனம் தேவை: சிறு குழந்தைகளுக்கு முழுப் பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். நைசாக அரைத்து, முதலில் சிறிதளவே கொடுத்து, ஒவ்வாமை ஏற்படுகிறதா என்று பார்ப்போம். பொறுமையோடு தொடர்ந்தால், இன்ஷா அல்லாஹ், இன்று ஒதுக்கும் உணவை நாளை அவர்களே கேட்டு வாங்கி உண்பார்கள்.