யார் பார்த்தா?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், அரியர் எழுதி பாஸ் பண்ணின கதை மட்டும் வேண்டாம் என்று குழுவினர் அன்புக் கட்டளை போட்டுவிட்டார்கள். எனவே ஹாஸ்டல் கேரம் போர்டை மறக்காத நண்பர்களை நம்பி, அதன் பெரியண்ணனைப் பற்றி எழுதுகிறேன்.

அடி அண்ணாமலையில் நம் செட் நண்பன் ஒருவன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய எட்டடி பூல் மேஜை ஒன்றை வைத்திருக்கிறான். கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு பௌர்ணமி இரவு அவன் குடும்பத்தோடு மலை சுற்றக் கிளம்பிவிட்டான். நான் தனியாக ஆடினேன். அன்றுவரை என் அதிகபட்சம் 29. அன்றைக்கு 43 பந்துகள் தவறாமல் விழுந்தன. விடியற்காலை வந்தவனிடம் நோட்டை நீட்டினால், "யார் பார்த்தா?" என்று ஒரே கேள்வி. வெளியே அத்தனை ஆயிரம் ஜனம் நடந்து போயிருக்கிறது; சாட்சி சொல்ல ஒருத்தர் கிடையாது. நோட்டில் 29 அப்படியே நின்றது.

நான் ஆடுவது ஸ்ட்ரெய்ட் பூல். ஜெரோம் கியோ என்ற அமெரிக்கர் 1910 வாக்கில் உருவாக்கியது. மேஜையில் 15 பந்துகள். எந்தப் பந்து, எந்தப் பாக்கெட் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஒரு பந்துக்கு ஒரு புள்ளி. 14 பந்துகள் விழுந்ததும் நிறுத்தி, அவற்றை மறுபடி முக்கோணமாக அடுக்குவார்கள். மிச்சமிருக்கும் பதினைந்தாவது இருந்த இடத்திலேயே இருக்கும். அதைப் போடும் அதே அடியில் வெள்ளைப் பந்து போய் அடுக்கையும் கலைக்க வேண்டும். இல்லாவிட்டால் கதை முடிந்தது. கிரிவலமும் 14 கிலோமீட்டர், ஆரம்பித்த இடத்திலேயே வந்து நிற்போம். இந்தப் பொருத்தத்தில் அர்த்தம் எதுவும் இல்லைதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நண்பனின் கேள்வி உறுத்தியதால் பழைய சாதனைகளைப் புரட்டிப் பார்த்தேன். அங்கேயும் இதே தகராறு!

1907-ல் லண்டனில் டாம் ரீஸ் என்பவர் பில்லியர்ட்ஸில் ஒரே மூச்சில் 4,99,135 புள்ளிகள் எடுத்தார். அச்சுப்பிழை இல்லை. இரண்டு பந்துகளைப் பாக்கெட் வாயருகே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தன் பந்தால் இரண்டையும் லேசாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கையை ஏற்றுவது அவர் வித்தை. தொட்டில் ஆட்டுவது மாதிரி. ஐந்து வாரம் ஆட்டினார். எதிராளி பாவம், நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் அந்தச் சாதனையை ஏற்கவில்லை. காரணம், பத்திரிகைக்காரர்களும் பொதுமக்களும் முழு நேரமும் கூட இருக்கவில்லை! அதே வருஷம் அந்த வித்தையையும் தடை செய்துவிட்டார்கள். 1932-ல் ஆஸ்திரேலியர் வால்டர் லிண்ட்ரம் அதே லண்டனில் ஜோ டேவிஸை எதிர்த்து 4,137 எடுத்தார். எல்லோரும் பார்த்திருந்தார்கள். இதுவே பெரிய சாதனை என்பது என் கட்சி.

நம் பக்கம் வருவோம். ஸ்நூக்கர் பிறந்தது இந்தியாவில்தான். 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில், மழைக்காலத்தில் பொழுது போகாமல், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய ஆட்டத்தில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்தார். (பின்னாளில் பிரதமரானவர் வேறு ஆள்.) சுலபமான பந்தை ஒருவர் கோட்டை விட்டபோது அவரை 'ஸ்நூக்கர்' என்று சேம்பர்லின் கிண்டல் செய்தார். ராணுவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவனுக்கு அதுதான் பட்டப்பெயர். அதாவது, உலகம் முழுக்க டி.வி.யில் பார்க்கும் ஆட்டத்தின் பெயரே ஒரு ராகிங் வார்த்தை! ஜூனியர்கள் கவனிக்கவும். பிறகு 1880-களில் சேம்பர்லின் ஊட்டிக்கு வந்தபோது அங்குள்ள கிளப்பில் இதன் விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். ஆகவே ஸ்நூக்கரின் சட்டப் புத்தகம் நம் தமிழ்நாட்டுச் சுவரில் தொங்கியது என்று தாராளமாகப் பெருமைப்படலாம்.

1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். தனிநபர் விளையாட்டில் உலக சாம்பியனான முதல் இந்தியர் அவர். 1978-ல் மைக்கேல் ஃபெரைரா தேசியப் போட்டியில் 1,149 எடுத்தார். 1992-ல் கீத் சேத்தி உலக தொழில்முறைப் போட்டியில் 1,276 எடுத்தார். சேத்தி அதற்கு முன் தேசிய ஸ்நூக்கர் போட்டியில் 147-ம் போட்டிருக்கிறார். ஸ்நூக்கரில் சாதாரணமாக அதுதான் உச்சி: 15 சிவப்புக்கும் தலா ஒரு கறுப்பு சேர்ந்து 120, கடைசி ஆறு வண்ணங்களுக்கு 27. அதற்கு மேல் ஏற இடமில்லை.

ஸ்ட்ரெய்ட் பூலில் அப்படி உச்சி கிடையாது. அதுதான் அதன் போதை. 1954-ல் ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒரு கண்காட்சி ஆட்டத்தில் வில்லி மோஸ்கோனி 526 பந்துகள் போட்டார். 37 அடுக்கு, மேலே 8 பந்து. பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுத்தார்கள். அந்த எண் 65 வருஷம் அசையவில்லை. 2019-ல் ஜான் ஷ்மிட் மாதக்கணக்கில் முயன்று, காமிரா ஓட, 626 போட்டார். மோஸ்கோனி ஆடியது எட்டடி மேஜை, ஷ்மிட்டுடையது ஒன்பதடி. எது உசத்தி என்ற சண்டை தனி. 2022-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேசன் ஷா 714 போட்டுவிட்டார். 714-ஐ 14-ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 51.

இதில் எனக்குப் பிடித்தவர் ஷ்மிட்தான். எத்தனை முறை முதல் அடுக்கிலேயே தவறவிட்டு, மறுபடி அடுக்கியிருப்பார்! நான் தோற்பதும் அங்கேதான். 28-க்குப் பிறகு கை இறுகிவிடுகிறது. பந்தைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். 43 விழுந்த இரவு எண்ணவே இல்லை. மூன்று தடவை அடுக்கியது ஞாபகம் இருந்தது, பிறகு ஒன்று விழுந்தது, அவ்வளவுதான். சாட்சி இருந்திருந்தால் 43 வந்திருக்குமா என்பது எனக்கே சந்தேகம். இதை நண்பனிடம் சொல்லவில்லை.

போன மாதம் அவன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தான். 31 விழுந்தது. முப்பத்திரண்டாவது மூலைப் பாக்கெட் விளிம்பில் போய் நின்றுகொண்டது. அவன் எழுந்து நோட்டை எடுத்தான், 29-ஐ அடித்தான், 31 எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தான். பக்கத்து ஓரத்தில் நான் பென்சிலால் எழுதி வைத்திருந்த 43-ஐப் பார்த்தான். அழிக்கவில்லை.