மோடம் அடுக்குகளும் எங்கேஜ்டு ஒலியும்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒரு கணினி, சேவை நிறுவனத்தின் போன் எண்ணை அழைத்தால், மறுமுனையில் அந்த அழைப்பை எடுக்க ஒரு மோடம் சும்மா இருந்தாக வேண்டும். இல்லையென்றால் எங்கேஜ்டு ஒலிதான். மோடம்கள் போதவில்லை, அவ்வளவுதான் என்று அந்தக் காலத்தைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. இருந்த மோடம்களும் எல்லா நேரமும் பயன்படும் நிலையில் இருக்கவில்லை. உறைந்துபோன மோடம் அழைப்பை எடுக்கும், பதில் தராது. வரிசையில் முதலில் காலியாகத் தெரிவது அதுவேயானால், அடுத்து வரும் அழைப்பும் அதனிடமே போய் வீணாகும். அடுக்கடுக்காக நின்ற பெட்டிகளின் விளக்குகளைக் கண்ணால் பார்த்து, பழுதானதை அணைத்துப் போடும் வேலையை மென்பொருள் ஏற்றுக்கொண்டது இதனால்தான். மோடம்கள் இருந்த அறையிலிருந்தும், வலைப்பின்னல் வழியே தொலைவிலிருந்தும் ஒவ்வொரு மோடத்தின் நிலையை அறியவும், அதை மீண்டும் இயக்கவும், வரிசையிலிருந்து விலக்கவும் முடிந்தது. மோடம் எடுத்த அழைப்புக்குக் கடவுச்சொல்லைச் சரிபார்த்து நேரக்கணக்கு வைக்கும் ரேடியஸ் நெறிமுறை 1997-இல் ஆவணமாக வெளிவந்தது. மணிக்கணக்கில் இணையம் விற்ற காலத்தில் அந்தக் கணக்கே வருமானம். 1998-இல் வந்த வி.90 மோடம் தரத்துக்குச் சேவை நிறுவனத்தின் பக்கம் டிஜிட்டல் இணைப்பு தேவைப்பட்டது. முப்பது அழைப்புகளைச் சுமக்கும் ஒரே இ1 இணைப்பு முப்பது தனிக் கம்பிகளின் இடத்தைப் பிடித்தது. தனித்தனிப் பெட்டிகள் அட்டைமேல் சில்லுகளாகச் சுருங்கின.

ஆனால் எவ்வளவு திறமையான மேலாண்மையும் மோடம் அடுக்கோடு நின்றுவிடும். நெரிசலின் வேரோ அதற்கு முன்பே, தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தது. பரபரப்பான ஒரு மணி நேரத்தில் ஒரு வீடு ஏறத்தாழ ஆறு நிமிடம் பேசும் என்ற கணக்கில் அமைக்கப்பட்ட வலைப்பின்னல் அது. ஒருவர் ஒரு மணி நேரம் இணையத்தில் இருந்தால் பத்து வீடுகளின் பங்கை அவரே எடுத்துக்கொள்கிறார். மோடம்களைக் கூட்டினால் இந்த நெருக்கடி குறையாது, வளரும். அடையாற்றை ஒட்டிய சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் ஆய்வுக் குழு பிடித்துக்கொண்ட முடிச்சு இதுவே. அவர்களின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசியில் வீட்டுக்கு மோடமே வேண்டாம். 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் வரும் இணையத் தரவு, பேச்சுக்கான இணைப்பகத்துக்குள் நுழையாமல் அணுகல் நிலையத்திலேயே பிரிந்துவிடும். செம்புக் கம்பிக்கென அவர்கள் உருவாக்கிய டயஸ் என்ற அமைப்பும் இதே வழியில் இயங்கியது.

கார்டெக்ட் நகரத்தை வெல்லவில்லையே, 2005-இல் பிஎஸ்என்எல் கொண்டுவந்த ஏடிஎஸ்எல் அகலப்பட்டையும் பிறகு கைபேசியும்தானே வென்றன என்று கேட்கலாம். விற்பனையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஏடிஎஸ்எல் செய்ததும் என்ன? அதே செம்புக் கம்பியில் வரும் பேச்சையும் தரவையும் இணைப்பகத்தின் வாசலிலேயே பிரித்து, தரவைத் தனிவழியில் அனுப்பியது. தோற்றது ஒரு கருவி. அதற்குப் பின்னிருந்த நோயறிதல் தோற்கவில்லை. மோடம் அடுக்கைக் கண்காணித்த மென்பொருள் தன் எல்லைக்குள் எதையும் குறைவைக்கவில்லை. அந்த எல்லை தவறான இடத்தில் போடப்பட்டிருந்தது என்பதே சென்னையின் டயல்-அப் வரலாறு காட்டும் உண்மை.