இரவுப் பணியும் நம் மகளிரும்

சிட்லபாக்கத்திலிருந்து சானடோரியம் ரயில் நிலையம் வரை நடந்து, தண்டவாளத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் பெண்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுள் பலர் செல்லுமிடம், 1984-ஆம் ஆண்டில் நடுவணரசு தொடங்கிய ஏற்றுமதி மண்டலமாகும். 2003-இல் அது சிறப்புப் பொருளாதார மண்டலமாயிற்று. ஆயத்த ஆடைத் தையலும் மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் பணியும் அங்கு நடைபெறுகின்றன. நிலமோ கடையோ இல்லாத குடும்பங்களில் பிறந்த பெண்கள் பலர், தம் பெயரில் மாதச் சம்பளம் பெற்றது இத்தகைய தொழிற்கூடங்களிலேதான்.

ஆயினும் இரவு மட்டும் அவர்களுக்கு அடைபட்டிருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன் 66-ஆவது பிரிவில், காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பெண்களை வேலைக்கு அமர்த்தலாகாது எனத் தடுத்தது. மாநில அரசு இந்நேரத்தைத் தளர்த்த அச்சட்டம் இடமளித்தது. எனினும் இரவு 10 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை தளர்த்த இடமளிக்கவில்லை. பாதுகாப்பே நோக்கம் என்றனர். களத்துமேட்டில் விடிய விடிய நெல் தூற்றிய நம் பாட்டிமார்களை எந்தச் சட்டம் வீட்டுக்கு அனுப்பிற்று? மருத்துவமனைச் செவிலியரின் இரவுப் பணியையும் யாரும் தடுக்கவில்லை. நல்ல கூலி கிடைக்கும் ஆலையின் வாயிலில் மட்டுமே இப்பரிவு காவல் நின்றது.

பாதுகாப்பு இருவகைப்படும். ஒன்று முதலாளிக்குச் செலவு வைக்கும். மற்றொன்று பெண்ணின் கூலியில் கைவைக்கும். அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியபோது கோரியது முதல் வகையையே. தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன், அதன் சுமையில் பெரும்பகுதி அரசுக்குரியது, பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளியும் விலகி நிற்கலாகாது என்று அவர் வாதிட்டார். பம்பாயில் 1929-இலும், சென்னை மாகாணத்தில் 1934-இலும் அத்தகைய சட்டங்கள் இயற்றப்பட்டன. 1961-இன் நடுவணரசுச் சட்டம் 12 வார விடுப்பளித்தது. 2017-இல் அது முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று.

இரவுத் தடையை எதிர்த்துப் பெண் தொழிலாளர்களே வழக்குத் தொடுத்தனர். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்றம் அத்தடை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. கதவைத் திறந்ததோடு நில்லாமல் நிபந்தனைகளும் விதித்தது: பத்துப் பேருக்குக் குறையாத குழுவாகவே பெண்களை அமர்த்த வேண்டும், வீட்டிலிருந்து அழைத்து வந்து மீண்டும் கொண்டுவிட வாகனம் வேண்டும், பாலியல் தொல்லையைத் தடுக்கும் ஏற்பாடும் வேண்டும்.

என் பழைய மாணவி ஒருத்தி, இரவில் வாகனம் நெடுஞ்சாலையிலேயே தங்களை இறக்கிவிடுவதாகச் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கூறினாள். தீர்ப்பின் நிபந்தனையைச் சொன்னேன். அவளும் உடன் பணிபுரிவோரும் ஒரு மனு எழுதிக் கொண்டுவந்தனர். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தியது மட்டுமே என் பங்கு. எல்லோரும் கையொப்பமிட்டுக் கொடுத்தனர். மூன்றாம் வாரம் முதல் வாகனம் தெருமுனை வரை வந்தது. வீட்டு வாசல் வரை வரவேண்டும் என்று அடுத்த மனுவை எழுதத் தொடங்கினர்.